சித்தேரிக்கரை வரிசை

சித்தேரிக்கரை மயானத்தில் காலை ஏழு மணிக்கு முதல் வேலை சாம்பல்தான். முந்தின நாள் கடைசியாக எரிந்தவரின் எலும்பையும் சாம்பலையும் இரும்புத் தட்டிலிருந்து வாரி, மண்சட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, பேர் எழுதிய சீட்டை ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். இந்த வேலையைக் கிளியம்மாள் வேறு யாரிடமும் விடமாட்டாள். தட்டின் மூலைகளைச் சின்னத் துடைப்பத்தால் மூன்று தடவை கூட்டுவாள்.

"ஒரு வெரல் எலும்பு தங்கிப் போச்சுன்னாகூட அது அடுத்தவங்க சட்டில போயி கலந்துக்கும். அப்புறம் அந்தப் புள்ள கடல்ல கரைக்கறது யாரை?" என்பாள்.

அதற்கப்புறம் தரையைக் கழுவி, மேடை ஓரம் வேப்பிலை செருகி, கேஸ் சிலிண்டர் அளவைப் பார்த்து, காற்றூதும் புளோயரை ஒரு நிமிஷம் ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கொள்வாள். கூட வேலை செய்யும் கங்கையம்மாள் ரிஜிஸ்டரைத் திறந்து தேதி போட்டு வைப்பாள். அதற்குள் மேடவாக்கம் ரோட்டு டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வந்துவிடும். பின்னால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் பத்து மாடிக் குடியிருப்பு. அந்த வீட்டுக்காரர்கள் முதலில் பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். இப்போது துணி காயப்போடுகிறார்கள். புகைபோக்கியை உயர்த்தி, புகையைத் தண்ணீரில் கழுவி வெளியேற்ற ஏற்பாடு செய்த பிறகு, மயானம் அங்கே இருப்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

அந்த இடம் முன்னே இருந்த இருப்பு வேறு. முள்ளும் பாட்டிலும் நாயும்தான். குடிக்காமல் அங்கே வேலை செய்ய முடியாது என்று காண்ட்ராக்ட் ஆட்கள் சொல்வார்கள். குடித்துவிட்டு, பிணத்தோடு நிற்கிறவனிடம் பேரம் பேசுவார்கள். அழுகிறவனுக்குப் பேரம் பேசத் தெரியுமா? கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவான். கொரோனா வந்த வருஷம் அவர்களும் ஓடிப்போனார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

அப்போது 'தோள் மகளிர் தொண்டு சங்கம்' சேலையூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ரத்தினபாய்தான் அதை நடத்தினார். கிளியம்மாள் வேலை செய்த கம்பெனி கேன்டீன் மூடிப்போனதால் அவளும் அங்கே போய்ப் பொட்டலம் கட்டினாள். ஒரு மத்தியானம் போன் வந்தது. மயானத்தில் இறக்கிவைக்க ஆள் இல்லை, யாராவது ஆம்பளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். டீச்சர் வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஆம்பளையும் இல்லை. "நாம போலாமா?" என்று கேட்டார். நாலு பேர் எழுந்தார்கள். அதில் கிளியம்மாள் ஒருத்தி, கங்கையம்மாள் ஒருத்தி.

அன்றைக்குப் போனவர்கள்தான். நோய் அடங்கிய பிறகு மாநகராட்சியே கூப்பிட்டு, இடத்தையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தது. அந்தப் பொறுப்பைச் சங்கம் கிளியம்மாளிடம் விட்டது. சங்கம் போட்ட சட்டம் இரண்டே இரண்டு: வருகிறவர்களிடம் ஒரு பைசா கைநீட்டக் கூடாது, யாராக இருந்தாலும் வந்த வரிசைப்படி. அதைச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதி வைத்தார்கள். எரியூட்டுவதற்கு முன்னால் கிளியம்மாள் செத்துப்போனவரின் பேரைச் சொல்லி, "மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்கோங்க, அவசரம் இல்ல" என்று சொல்வாள். இந்த 'அவசரம் இல்ல' என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனையோ பேர் அங்கேதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதிருக்கிறார்கள்.

கங்கையம்மாளின் அப்பா இதே கரையில் வெட்டியானாக இருந்து செத்தவர். "எங்கப்பன கைதட்டித்தான் கூப்பிடுவானுங்கோ," என்பாள் அவள். "எனக்கு அய்யிரு ஆபீசருல்லாம் கையெடுத்துக் கும்புட்டுட்டு போறாங்க. வேலை அதேதான்டி, கிளி. எங்கப்பன்தான் இத பாக்காம பூட்டாரு."

கிளியம்மாள் புருஷன் பக்தவச்சலத்துக்குத்தான் இதெல்லாம் ஒத்துவரவில்லை. அவன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. குடிக்கிறவனோ அடிக்கிறவனோ இல்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் நாலு வருஷமாக அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறவன், டீக்கடை முனையோடு வண்டியை நிறுத்திக்கொள்வான். அதற்கு மேல் ஒரு அடி வந்ததில்லை. யாராவது கேட்டால், "சங்கத்துல வேலை" என்பான். எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டான்.

அவர்களுக்கு ஒரே பெண், ஜெயஸ்ரீ. கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் ஷ்யாம்சுந்தர் என்று ஒரு பையன். இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கொண்டு, அப்புறம் வீட்டில் சொன்னார்கள். பையன் வீடு கோவிலம்பாக்கம். அப்பா குப்புராஜ் ஊரின் பழைய குடும்பத்துக்காரர். நெல் விளைந்த நிலமெல்லாம் வீடாகிவிட்ட பிறகு சிமென்ட், கம்பி, பெயின்ட் கடை வைத்துப் பெரிய ஆளானவர்.

ஐப்பசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு வந்தார்கள். கிளியம்மாள் விடியற்காலையே எழுந்து கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்திருந்தாள். குப்புராஜ் சிரித்துப் பேசி, பஜ்ஜியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி கேசரித் தட்டைக் கையில் வாங்கி, பக்கத்தில் வைத்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிளியம்மாள் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி சட்னி கொண்டுவர உள்ளே போனாள்.

பூ வைத்து முடித்த பிறகு குப்புராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"பக்தவச்சலம், பொண்ணு எங்களுக்கு ரொம்ப பிடிச்சிகீது. அதுங்க ரெண்டும் பேசிகினுதான் நம்மள சேத்து வச்சிகீதுங்கோ. அதப்பத்தி ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு விசயம்."

"சொல்லுங்க சார்."

"தங்கச்சி அந்த வேலைய வுட்டுடணும். நான் கொறச்சலா சொல்லல. புண்ணியமான வேலைதான். ஆனா நாளைக்கு கல்யாணத்துல எங்க சனம் நானூறு பேரு குந்தும். பொண்ணோட அம்மா இன்னா பண்றாங்கன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"வுட்டுடுவா சார்," என்றான் பக்தவச்சலம் கிளியம்மாளைப் பார்க்காமல். "நானே சொல்லிகினுதான் இருந்தேன். இந்த மாசத்தோட வுட்டுடுவா."

ஜெயஸ்ரீ வாயைத் திறந்தாள். கிளியம்மாள் அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"வுட்டுடறேண்ணா," என்றாள். "கார்த்திகை முடியறதுக்குள்ள நின்னுக்கறேன். வேற ஒருத்திக்கு வேலைய சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான்."

அவர்கள் போன பிறகு ஜெயஸ்ரீ சமையலறைக்கு வந்து நின்றாள்.

"எதுக்கும்மா ஓகே சொன்னே? ஷ்யாமுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. அவன் அப்பாகிட்ட நான் பேசுறேன்."

"நீ வாழப்போற வூடு அது. நொழையறதுக்கு முன்னாடியே சண்டை போட்டுகினு நொழைவியா? எனக்கு இன்னா, வேற வேலை கெடைக்கும்."

"உனக்கு வேற வேலை வேணுமா?"

 கிளியம்மாள் கேசரி பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரத்தினபாய் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையால் துடைத்தார்.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிக்கமாட்டேன், கிளி. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? உன் இடத்துக்கு ஆள் கிடைக்கும். நீ செய்றதைச் செய்ய ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். சரி, எப்போ நிக்கணுமோ அப்போ நின்னுக்கோ."

கங்கையம்மாள் அவ்வளவு மென்மையாக இல்லை.

"ஓகோ! சம்மந்தி வூட்டுக்கு நாறுதாமா? அவுங்க வூட்ல யாரும் சாவறதே இல்லியா?"

"வுடு கங்கா, பேஜார் பண்ணாத."

"நீ போடி. நான் இன்னா உன்ன புடிச்சிக்கவா போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போய் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை. மத்தியானம் மட்டும் தன் கருவாட்டுக் குழம்பில் பாதியைக் கிளியம்மாள் தட்டில் ஊற்றினாள்.

கார்த்திகையில் புயல் வந்தது.

முதல் நாள் வெறும் காற்று. இரண்டாம் நாள் மழை விடவில்லை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வழியாகத் தெருவுக்கு வந்தது. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போனது போனதுதான். சுற்று வட்டாரத்தில் தாழ்வான மயானங்களிலெல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டது. சித்தேரிக்கரை மயானம் பழைய மேட்டில் இருந்ததால் கேட்டு வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. கங்கையம்மாள் புத்திசாலித்தனமாக முந்தின நாளே ஜெனரேட்டரைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வைத்திருந்தாள். அதனால் இயந்திரம் ஓடியது.

எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். டிராக்டரில் வந்தார்கள், மீன்பாடி வண்டியில் வந்தார்கள். ஒரு குடும்பம் கதவைக் கழற்றி அதன்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் பதினோரு பேர். பெண்கள் மாறி மாறி வேலை பார்த்தார்கள். கிளியம்மாளின் உள்ளங்கால் தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அவ்வப்போது அடுப்புப் பக்கம் போய் நின்று சூடு காட்டிக்கொள்வாள்.

மூன்றாம் நாள் காலை டீசல் தீரும் நிலை. டீச்சர் பத்து இடத்துக்குப் போன் போட்டுவிட்டார். வண்டி எதுவும் வரத் தயாரில்லை. கிளியம்மாள் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டாள்.

"டீசல் வேணும். ரெண்டு கேன். உன் வண்டிதான் கொஞ்சம் ஒசரம், வந்துடும்."

"எங்க எடுத்தாரணும்?"

"இங்க. உள்ள."

அந்தப் பக்கம் வண்டிச் சாவிக் கொத்து குலுங்கியது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பதினோரு மணிக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். பேர் தயாளன். வயசு அறுபதுக்கு மேல். சொந்தம் என்று யாரும் இல்லை. சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு அழைப்பு இருக்கிறது என்று டிரைவர் கிளம்பிப்போனார். கங்கையம்மாள் ரிஜிஸ்டரில் எழுதினாள். சிலிண்டரை ஆட்டிப் பார்த்த கிளியம்மாளுக்கு ஒருவருக்கு நிச்சயம் வரும் என்று தோன்றியது. இரண்டாவது ஆளுக்கு வருமா என்று சொல்ல முடியவில்லை. கேஸ் லாரி எங்கோ தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் தார்ப்பாய் போர்த்திய உடம்பு, சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள், ஒரு பெண். முதலில் இறங்கியவர் குப்புராஜ்.

வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கிளியம்மாளைப் பார்த்ததும் ஒரு கணம் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எங்க பெரியப்பா மகன்," என்றார். "அண்ணன். முந்தாநாள் மத்தியானம் பூட்டாரு. கரண்ட் இல்ல, ஐஸ் பொட்டி இல்ல. ரெண்டு நாளா வூட்லயே... தாங்கலம்மா."

"உள்ள கொண்டாந்து கொட்டாயில வைங்கண்ணா. நனையாம வைங்க."

ஆண்கள் தூக்கிவந்து வைத்தார்கள். குப்புராஜ் உள்ளே மேடை மேல் இருந்த இன்னொரு உடம்பைப் பார்த்தார். அங்கிருந்த பெண்களில் யாரோ சொல்லி, கேஸ் ஒருவருக்குத்தான் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கிளியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உள்ள இருக்கறது யாரு?"

"தயாளன்னு ஒருத்தரு. காப்பகத்துலருந்து."

"கூட யாரு வந்துகீறாங்கோ?"

"யாரும் இல்லண்ணா."

"அப்போ சரி. அத அப்பறம் பாத்துக்கலாம். எங்க அண்ணன மொதல்ல முடிச்சுடு. பொண்ணு ஒண்ணு அழுதுகினு நிக்குது பாரு. நாளைக்கு நாம ஒரே குடும்பம்."

பக்தவச்சலத்தின் வண்டி அந்த நேரம்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, டீசல் கேனைக் கையில் பிடித்தபடியே நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டான்.

கிளியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"வரிசைப்படிதான்ணா. அவருதான் மொதல்ல வந்தாரு."

"கேக்க ஆள் இல்லாத பொணம்மா அது!"

"ஆள் இல்லன்னு யாருண்ணா சொன்னது? நாங்க கீறோம். அவருக்குன்னு இந்த ஒலகத்துல மிச்சம் கீறது இந்த ஒரு வரிசைதான். அத்தயும் நான் எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டா, அப்புறம் நான் இங்க எதுக்கு நிக்கறேன்?"

குப்புராஜின் முகம் கறுத்தது. கூட வந்த ஆண்களில் ஒருவன் முன்னால் வந்து குரலை உயர்த்தினான். பக்தவச்சலம் கேனைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கத்தில் வந்தான்.

"கிளி," என்றான் மெதுவாக. "போட்டுடு. கொழந்த வாழ்க்கைடி. ஒரு தடவதானே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஜெயஸ்ரீக்கும் நானே சொல்லிடுவேன். அவ இன்னா சொல்லுவான்னு உனக்கு தெரியாதா?"

அவன் அவளையே பார்த்தான். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். தலை கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. அவன் திரும்பி மேடையைப் பார்த்தான். வெள்ளைத் துணியில் கட்டிய ஒல்லியான உடம்பு. காலடியில் யாரோ இரண்டு செவ்வந்திப் பூவை வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

கங்கையம்மாள் ஜெனரேட்டரில் டீசல் ஊற்றப் போயிருந்தாள். மற்ற பெண்கள் கேட்டுப் பக்கம் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிராலியில் தூக்கிவைக்க இன்னொரு ஆள் வேண்டும். கிளியம்மாள் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தாள்.

பக்தவச்சலம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டுப் பக்கம் போனான்.

"எங்க புடிக்கணும்?" என்று கேட்டான்.

"முட்டிக்குக் கீழ. இடுப்ப வளைக்காத, கால மடக்கி தூக்கு."

தூக்கினார்கள். டிராலியில் வைத்தார்கள். கிளியம்மாள் முகத்துணியை விலக்கினாள்.

"தயாளன் ஐயா," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்கோங்க. அவசரம் இல்ல."

 டிராக்டரில் வந்த பெண், குப்புராஜின் அண்ணன் மகள், கொட்டகையிலிருந்து எழுந்து வந்தாள். ஈரப் புடவையோடு நின்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "போய்ட்டு வாங்க ஐயா" என்றாள். அவள் பின்னால் இரண்டு ஆண்கள் வந்து கும்பிட்டார்கள். குப்புராஜ் வரவில்லை. நின்ற இடத்திலேயே தலையிலிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உலைக் கதவு மூடியதும் பக்தவச்சலம் கேட்டான்: "சிலிண்டர் எங்க கீது?"

"மேடவாக்கத்துல குடோன்ல. எடுத்தாரத்தான் வண்டி இல்ல."

"என் வண்டி இன்னா வண்டி இல்லியா?"

"ரோட்டுல தண்ணிய்யா. வழி தெரியாம மாட்டிகினா?"

"எனக்கு வழி தெரியும்," என்றார் குப்புராஜ். எல்லாரும் திரும்பினார்கள். "மெயின் ரோடு வேணாம். எங்க பழைய கழனி வழியா மேட்டுத் தெரு ஒண்ணு போவுது. அங்க தண்ணி நிக்காது. வண்டிய எடு பக்தவச்சலம்."

இரண்டு பேரும் போனார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. கிளியம்மாள் அதுவரைக்கும் சும்மா இல்லை. சிலிண்டர் வராவிட்டால் என்ன செய்வது என்று கொட்டகையில் இருந்த காய்ந்த விறகை எடுத்து, கூரைக்குக் கீழே இருந்த பழைய விறகு மேடையில் கட்டைமேல் கட்டையாக அடுக்க ஆரம்பித்தாள். தலைப்பக்கம் கனமான கட்டை, நடுவில் காற்றுப் போக இடைவெளி. கங்கையம்மாள் எதிரே நின்று எடுத்துக்கொடுத்தாள். டீச்சர் எங்கிருந்தோ அரிசி வாங்கி, கஞ்சி காய்ச்சி, ஊறுகாயோடு எல்லாருக்கும் டம்ளரில் கொடுத்தார். அழுதுகொண்டிருந்த பெண் இரண்டு டம்ளர் குடித்தாள். முந்தாநாளிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வண்டி திரும்பியபோது நாலு மணி. பக்தவச்சலம் ஸ்டீயரிங்கில் இருந்தான். குப்புராஜ் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டியும் சட்டையும் சேறு. வண்டியில் ஆறு சிலிண்டர்கள்.

"ரெண்டு எடத்துல எஞ்சின் நின்னு பூச்சு," என்றான் பக்தவச்சலம். "சார் எறங்கித் தள்ளினாரு."

"அந்தக் கழனில நான் ஏரு ஓட்டனவன்யா. தள்ளத் தெரியாதா?" என்றார் குப்புராஜ். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எங்க அண்ணனும் நானும் சேந்துதான் ஓட்டுவோம்."

வெளிச்சம் இருக்கும்போதே அவருடைய அண்ணன் காரியம் முடிந்தது. கிளியம்மாள் அவருடைய பேரையும் அதே மாதிரி சொன்னாள். மகள் கேட்ட மாதிரி முகத்தைத் துடைத்து, விபூதி வைத்து, வேட்டி ஓரத்தைச் சரிசெய்தாள். அவசரம் இல்லை என்றாள். இந்தத் தடவை குப்புராஜ் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். போகும்போது யாரிடமும் ஒன்றும் பேசாமல் டிராக்டரில் ஏறிக்கொண்டார்.

அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஷ்யாம்சுந்தர் மட்டும் தினம் ஜெயஸ்ரீயோடு பேசினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றான். கிளியம்மாள் நடந்ததையெல்லாம் மகளிடம் சொல்லியிருந்தாள். ஜெயஸ்ரீ கேட்டுவிட்டு அம்மாவின் வெடித்த பாதத்துக்கு மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீ வேலைய விட்டா நான் இந்தக் கல்யாணம் பண்ணிக்கமாட்டேன். சீரியஸா சொல்றேன்."

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளியம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, கோவிலம்பாக்கத்தில் குப்புராஜ் கடைக்குப் போனாள். புருஷனிடம் சொன்னாள். அவன், "நானும் வர்றேன்" என்றான். "வேணாம். வாக்குக் குடுத்தது நானு. நான்தான் போயி சொல்லணும்" என்றாள்.

கடையில் நனைந்து கல்லாகிப்போன சிமென்ட் மூட்டைகளை ஆட்கள் வெளியே தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"குந்தும்மா. காபி சொல்லட்டா?"

"சொல்லிட்டு குடிக்கறேண்ணா. கார்த்திகையோட வேலைய வுடறேன்னு சொன்னேன். வுடல. வுடமாட்டேன். உங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு மன்னிச்சுக்கோங்க. கல்யாணத்த பத்தி நீங்க இன்னா முடிவு எடுத்தாலும் நான் வருத்தப்படமாட்டேன். எம்பொண்ணும் அப்படித்தான் சொல்றா."

குப்புராஜ் மேஜை மேலிருந்த பெயின்ட் சாம்பிள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கி எனக்கு வந்த கோவத்துக்கு, டிராக்டர திருப்பிகினு போய்டலாம்னுதான் இருந்தேன். போறதுக்கு வேற எடம் இல்ல. அதான் நின்னேன்." நிமிர்ந்து பார்த்தார். "எங்க அண்ணன் பொண்ணு நேத்து காரியத்துல அத்தினி பேரு முன்னாடி எழுந்து நின்னு சொல்லிச்சு. எங்கப்பாவ கடைசியா தொட்ட கை நல்ல கைன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா."

கிளியம்மாள் மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் வந்தாலும் வரிசையிலதான் வைப்பியா?"

"ஆமாண்ணா. உங்களயும் வரிசையிலதான்."

குப்புராஜ் சத்தமாகச் சிரித்துவிட்டார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்பொண்டாட்டி ஒத்துக்கறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆவும். அது என் தலவலி, நான் பாத்துக்கறேன். நீ காபிய குடி. டேய், ரெண்டு காபி சொல்லுடா, ஸ்ட்ராங்கா!"

தை மாதம் இருபத்து மூன்றாம் தேதி முகூர்த்தம் என்று முடிவாயிற்று. பத்திரிகை அடிக்கிற பொறுப்பைப் பக்தவச்சலம் எடுத்துக்கொண்டான். ஒரு மத்தியானம் மேற்கு தாம்பரத்தில் அச்சகத்திலிருந்து போன் பண்ணினான். கிளியம்மாள் ரிஜிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே கங்கையம்மாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிளி, பையனோட அப்பா பேருக்குக் கீழ கடைப் பேரு போட்டுகீறாங்கோ. என் பேருக்குக் கீழ வாகன உரிமையாளர்னு போட்டாச்சு. உன் பேருக்குக் கீழ நான் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். இந்த ஆளு போடமாட்டேன்றாரு. மங்களமான பத்திரிகைல யாரும் இப்படிப் போட்டதில்லையாம்."

"நீ இன்னா எழுதிக் குடுத்தே?"

கொஞ்சம் தள்ளி அச்சகக்காரரின் குரலும் மிஷின் சத்தமும் கேட்டன. பக்தவச்சலம் காகிதத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"திருமதி ப. கிளியம்மாள். பொறுப்பாளர். சித்தேரிக்கரை எரிவாயுத் தகனமேடை."

கங்கையம்மாள் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தாள். கிளியம்மாள் சொம்பை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"சம்மந்திகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். உன் பக்கம் உன் இஷ்டம்னாரு. நான் இவர்கிட்ட சொல்லிட்டேன், இது இல்லன்னா எனக்கு பத்திரிகையே வேணாம்னு. நீ இன்னா சொல்றே?"

"சங்கத்துப் பேர வுட்டுட்டியேய்யா," என்றாள் கிளியம்மாள். "தோள் மகளிர் தொண்டு சங்கம். அதையும் மேல போடச் சொல்லு. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."